மிலிட்டரிக்காரர் மனைவி கல்லூரியில் சேர: பணத்துக்கு எந்த வரிசையில் அலைவது?

"அக்கா, மிலிட்டரிக்காரர் பொண்டாட்டிக்குப் படிப்பு முழுக்க ஃப்ரீயாமே, எங்க எழுதிக் கொடுக்கணும்?"

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் ஹவில்தாராக இருந்தபோது, கல்யாணத்தில் பாதியில் விட்ட பி.ஏ.வை முடித்தேன். அப்புறம் பி.எட். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இப்போது மற்ற பெண்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கப் பயன்படுத்துகிறேன்.

எழுதிக் கொடுத்தால் எல்லாம் நடக்கும் என்கிற மாதிரி ஒரே இடம் எதுவும் இல்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று கிடக்கிறது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள்?

மத்திய, மாநிலத் திட்டங்களில் "படைவீரர் குடும்பம்" என்று மொத்தமாக எதுவும் கிடையாது. பணியில் இருப்பவரின் மனைவி, ஓய்வு பெற்றவரின் மனைவி, கணவரை இழந்தவர் (படையில் வீர நாரி என்பார்கள்) என்று மூன்று கணக்கு உண்டு. முதலில் இதை முடிவு செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

கசப்பான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்புக்கான பணத்தில் பெரும்பகுதி முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் போகிறது. கணவர் பணியில் இருக்கும்போது மனைவி படிக்கிறாள் என்றால், அவளுக்கென்று தனியாக ஒதுக்கியது மிகக் குறைவு. சம்பளத்தோடு வருகிற குழந்தைகள் கல்விப்படியும் பெயருக்கேற்றபடி குழந்தைகளுக்கு மட்டும்தான். அதுவும் பள்ளிப் படிப்போடு சரி. "அவர் கிளெய்ம் பண்ணுவார், என் ஃபீஸும் அதிலேயே வந்துடும்" என்று நம்பி அட்மிஷன் போட்டவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

இன்னொன்று. போனில் தேடினால் மனைவிக்கு 4,000 டாலர் தருகிற மைகா, கணவரின் உதவியை மனைவி பெயருக்கு மாற்றித் தருகிற ஜி.ஐ. பில் என்றெல்லாம் வரும். அவை அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கானவை. அதைத் தமிழில் சொல்லும் வீடியோக்கள் இது எந்த நாட்டுத் திட்டம் என்பதைக் கடைசி வரை சொல்வதே இல்லை.

2. பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும்

பணத்தைத் தேடும் முன் இதை முடியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் சிக்கல் தெரியும்.

நம் ஊர்ப் பெண்ணுக்கு ப்ளஸ் டூ மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பேங்க் பாஸ்புக்கில் இரண்டுமில்லாத ஒன்று. நாகலூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று காகிதத்தில் மூன்று எழுத்து: கவிதா, காவிதா, கவித்தா. ஆன்லைன் ஃபாரத்துக்கு மூவரும் மூன்று ஆட்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் மார்க் ஷீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு ஆதாரையும் பேங்க் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதார் மாறிய பிறகு பேங்க். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

அடுத்தது கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. இந்தச் சான்று கையில் இருந்தால்தான் கணவரின் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (கல்யாணத்தை ராணுவப் பதிவில் ஏற்றும் உத்தரவு) போடச் சொல்ல முடியும். பார்ட் டூ ஆர்டர் வராதவரை, ராணுவத்தின் ரெக்கார்டில் அவர் கல்யாணம் ஆகாதவர். நீங்கள் கேட்கிற டிபென்டன்ட் சர்டிபிகேட், கார்டு, கையெழுத்து எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் பெயர் எந்த எழுத்தில் ஏறியிருக்கிறது என்பதை அவரையே கண்ணால் பார்த்து, அந்தக் காகிதத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள்.

ஓய்வு பெற்றவர் குடும்பம் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். சேலத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படைவீரர் நலனுக்கான மத்திய வாரியத்துக்குப் போகும் விண்ணப்பம் எல்லாம் இந்த அலுவலகத்தைத் தாண்டித்தான் போகும்.

ஏற்காடு மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் கொடுக்க மாட்டார், கோட்டாட்சியர்தான் கொடுப்பார். விசாரணைக்கு நாள் பிடிக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, "இது இங்கே இல்லம்மா" என்று கேட்டுத் திரும்புவது கொடுமை. ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள். காபிப் பறிப்பு முடியும் நேரம், கையும் கொஞ்சம் ஓயும்.

3. கல்லூரியை முடிவு செய்த பிறகுதான் பணம்

உதவித்தொகைகள் எல்லாம் படிப்பின் வகையைப் பொறுத்தவை. அஞ்சல் வழியில் சேர்ந்துவிட்டு, நேரில் படிப்பவர்களுக்கான பணத்தைக் கேட்டால் கிடைக்காது. ஆகவே இந்த முடிவு முதலில் வர வேண்டும்.

உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த மூன்று வருடம் நான் சேலத்திலேயே இருப்பேனா? அவர் ஃபீல்டு போஸ்டிங்கில் இருக்கிறார், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்றால் நேரடிக் கல்லூரி நல்லது. கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது, செர்ரி ரோட்டில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பீஸ் போஸ்டிங் (எல்லையில் இல்லாத, அமைதியான இடத்தில் வேலை) வந்து குவார்ட்டர்ஸ் கிடைத்து நீங்களும் கிளம்புவீர்கள் என்றால் நேரடிக் கல்லூரியில் சேராதீர்கள். இரண்டாம் வருடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு மாநிலத்தில், வேறு பாடத்திட்டத்தில் நடுவே நுழைவது நடக்காத காரியம். கல்யாணமானதும் ஊர் மாறி நான் பி.ஏ.வை விட்டதும் அப்படித்தான்.

ஊர் மாறுகிறவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வசதி. ஜூலையிலும் ஜனவரியிலும் அட்மிஷன் உண்டு. ரீஜனல் சென்டரை மாற்றிக்கொள்ளலாம். மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை இழுக்கலாம். கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தாலும் நீங்கள் கேட்கிற படிப்புக்கு இல்லாமல் போகலாம். சேரும் முன் அந்தப் பிரிவின் டெப் ஐடி என்ற எண்ணையும் நீங்களே எடுக்க வேண்டும். "நாங்களே எடுத்துத் தர்றோம், ஆதார் ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்று சொல்கிற இடத்தில் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

நர்சிங், சட்டம், இன்ஜினீயரிங் போன்றவற்றைத் தொலைநிலையில் படிக்க முடியாது. "வீட்டிலிருந்தே நர்சிங் டிகிரி" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.

4. வெளியே கேட்கும் முன் செலவைக் குறையுங்கள்

அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று கொஞ்சம்தான் வரும். இங்கே இடம் கிடைத்தால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் முன் வயது வரம்பைக் கையேட்டில் பாருங்கள். கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து வருகிறவர்கள் இடறுவது அங்கேதான்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது விரிவாக்கியிருக்கிறார்கள். நேரடிக் கல்லூரியாக இருக்க வேண்டும், தொலைநிலைக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி மூலம் போகும்.

இனி வருமானச் சான்று. நானே விழுந்த குழி இது.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருடம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்யாணமாகி வேலைக்குப் போகாத பெண்ணுக்கு "குடும்பம்" என்றால் கணவர். அப்பா அல்ல. என் அப்பா நெசவுக்காரர், வருமானம் குறைவு. அதனால் அவர் பெயரில் வாங்கிய சான்றை ஒரு விண்ணப்பத்தில் வைத்தேன். சரிபார்ப்பில் திரும்பி வந்தது. திருத்திக் கொடுப்பதற்குள் தேதி போய்விட்டது. அந்த வருடத்து ஃபீஸ் என் வளையலில் போனது.

கணவர் வருமானத்தை வைத்தால் தேறுமா? போட்டுப் பாருங்கள். சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. மிலிட்டரி சர்வீஸ் பே 5,200. இரண்டும் 26,900. அகவிலைப்படியை 50 சதவீதம் என்று குறைத்து வைத்தாலே மாதம் 40,350, வருடத்துக்கு 4,84,200. அதாவது தொடக்கச் சம்பளம் வாங்குகிற சிப்பாயின் மனைவியும் 2.5 லட்சத்தைத் தாண்டிவிடுகிறாள். படிக்கும் காலத்துக் கல்விக்கடன் வட்டி முழுவதையும் அரசு ஏற்கிற 4.5 லட்ச வரம்பையும் தாண்டிவிடுகிறாள். "நாங்க ஏழைதான்" என்று அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை. வருமான வரம்பு உள்ள திட்டங்களை இந்தக் கணக்கோடு ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இங்கேயே ஒரு மாதம் மிச்சமாகும்.

5. வாரியத்தின் பணம்: யாருக்கு, எப்போது

கேந்திரிய சைனிக் போர்டு என்கிற மத்திய வாரியத்தில் இரண்டு முக்கியம்.

ஒன்று, பிரதமர் கல்வி உதவித்தொகை. வருடம் 5,500 பேருக்கு. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய். முன்னாள் படைவீரரின் பிள்ளைகளும், முன்னாள் படைவீரரை இழந்த மனைவியும் கேட்கலாம். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவரின் மனைவிக்கு இல்லை, பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கும் இல்லை. பி.இ., நர்சிங், பி.எட்., எம்.பி.ஏ. போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும். சாதாரண பி.ஏ., பி.எஸ்ஸி.க்குக் கிடையாது. நுழைவுத் தகுதிப் படிப்பில் 60 சதவீதம் வேண்டும். பி.எட். என்றால் டிகிரியில் 60, ப்ளஸ் டூவில் அல்ல.

இதில் அதிகம் பேர் தவறவிடுவது நேரம். சேர்ந்த முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். "முதல் வருஷம் எப்படியோ கட்டிட்டோம், ரெண்டாவது வருஷத்துக்குக் கேப்போம்" என்று வருகிறவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டாவது, ரக்ஷா மந்திரி (பாதுகாப்பு அமைச்சர்) நிதியிலிருந்து வரும் கல்வி மானியம். ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்து ஓய்வு பெற்றவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு டிகிரி வரையிலும், கணவரை இழந்தவருக்கு முதுகலைக்கும் மாதம் 2,000 ரூபாய். ஒரு வருடம் படித்துத் தேறிய பிறகு, அந்த வருடத்துக்காகத் தருவது இது. ஆகவே ஜூன் மாத ஃபீஸுக்கு இதை நம்ப முடியாது. அதை வேறு பணத்தில் கட்டி, இதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்போது மாநிலத் தொகுப்பு நிதியில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்றும் அதே நாளில் கேளுங்கள். அங்கே இருக்கிறவர்களில் பலர் ஓய்வு பெற்ற படைவீரர்கள்தான். "ஐயா, நான் இன்னார் ரெஜிமென்ட் ஹவில்தாரோட மனைவி" என்று ஆரம்பித்தால் உட்கார வைத்துப் பேசுவார்கள். கிளம்பும் முன், இல்லாத காகிதங்களின் பட்டியலை அவர்கள் கையாலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. மீதிக்குக் கடன்: அவர் லீவில் இருக்கும்போது

மேலே சொன்ன வழிகளில் அடங்காத தொகைக்குத்தான் கடன். அதற்கும் முன் ஒன்று: அவருடைய பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் இருக்கும். குடும்பத்தின் படிப்புச் செலவுக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்க முடியுமா என்று யூனிட் கிளார்க்கிடம் கேட்கச் சொல்லுங்கள். சொந்தப் பணம், வட்டிக்காரனிடம் போக வேண்டியதில்லை.

வங்கிக் கல்விக்கடனில் நமக்குச் சாதகமான விதி ஒன்று இருக்கிறது. கல்யாணமான பெண்ணுக்குக் கணவரோ மாமனார் மாமியாரோ கூட்டுக் கடன்தாரராக நிற்கலாம். அப்பா அம்மாதான் வர வேண்டும் என்று கவுன்டரில் சொன்னால், வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் அப்படி இல்லை என்று பணிவாகச் சொல்லி மேனேஜரைப் பாருங்கள். 4 லட்சம் வரை நம் கையிலிருந்து முதல் போட வேண்டியதில்லை, அடமானமும் இல்லை. 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. பல அரசு வங்கிகள் பெண்களுக்கு வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்.

சிக்கல் கையெழுத்தில். கூட்டுக் கடன்தாரர் வங்கிக்கு நேரில் வர வேண்டும். அவரோ எல்லையில். ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆன்யுவல் லீவ், 30 நாள் கேஷுவல் லீவ். அதில் பெரும்பகுதியைப் பொங்கலுக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் எடுத்துவிட்டால், அட்மிஷன் நடக்கிற ஜூன், ஜூலையில் கையில் ஒன்றும் இருக்காது. நாங்கள் அப்படித்தான் மாட்டினோம். கடன் தயார், கையெழுத்து இல்லை. வங்கி இரண்டு மாதம் காத்திருந்தது, கல்லூரி காத்திருக்கவில்லை.

ஆகவே ஜனவரியிலேயே அவரிடம் பேசி, கேஷுவல் லீவில் 10 நாளை ஜூன் கடைசிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அட்மிஷன் கடிதம், கல்லூரி முத்திரையோடு ஃபீஸ் விவரம், மார்க் ஷீட்டுகள், இருவரின் பான், ஆதார், அவருடைய கடைசி 6 மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 ஆகியவை அவர் ரயில் ஏறும் முன்பே ஃபைலில் இருக்க வேண்டும். பே ஸ்லிப்பை யூனிட்டிலிருந்து வரும்போதே அவர் கையோடு கொண்டுவரட்டும். ஜோலார்பேட்டையில் வண்டி நிற்கும்போது "அதை மறந்துட்டேனே" என்று போன் வந்த வீடுகள் உண்டு.

படிக்கும் காலமும் முடிந்து ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 2 லட்சம் கடனுக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 1,500 ரூபாய். அதைப் படிக்கும்போதே கட்டி வந்தால், முடிக்கும்போது 2 லட்சம் 2 லட்சமாகவே இருக்கும். கட்டாமல் விட்டால் மூன்று வருடத்தில் 54,000 மேலே ஏறியிருக்கும். பால் கணக்கு மாதிரி மாதா மாதம் முடித்துவிடுவதே நல்லது.

வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்கான பிரிவு, மனைவி படிப்புக்காக வாங்கிய கடனின் வட்டியையும் 8 வருடம் வரை கழிக்க விடுகிறது. கடனில் அவர் பெயரும் இருக்க வேண்டும், அவர் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். புதிய முறைக்குப் போயிருந்தால் இது கிடையாது.

7. சேர்ந்த பிறகு

முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு சான்று (இங்கே படிக்கிறார் என்ற சான்று) 4 பிரதி கேளுங்கள். வங்கிக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, யூனிட்டுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. செமஸ்டர் நடுவில் போய்க் கேட்டால் "பிரின்சிபால் டூர்ல இருக்கார்" என்பார்கள்.

ஒவ்வொரு உதவித்தொகைக்கும் வருடா வருடம் புதுப்பித்தல் உண்டு, முந்தின வருட மார்க்கை வைத்து. ஒரு பேப்பர் அரியர் விழுந்தால் பணம் நிற்கக்கூடும். தேர்வு சமயத்தில் அவர் லீவில் வந்தால் ஊரெல்லாம் விருந்துக்குக் கூப்பிடுவார்கள். "பரீட்சை முடிஞ்சு வர்றோம் அத்தை" என்று சொல்லப் பழகுங்கள். கோபித்துக்கொள்வார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

போஸ்டிங் ஆர்டர் வந்தால் முதலில் கல்லூரிக்கோ ரீஜனல் சென்டருக்கோ எழுதுங்கள், பிறகு பெட்டி கட்டுங்கள். இக்னோவில் மாற்றம் கேட்ட விண்ணப்பத்தின் நகலை வைத்திருங்கள். அடுத்த தேர்வு மையம் அதைப் பொறுத்துத்தான் வரும். பேங்க் கணக்கை மட்டும் மாற்றாதீர்கள். உதவித்தொகை ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் வருகிறது. புது ஊரில் புதுக் கணக்கு திறந்து, ஆதார் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, 36,000 ரூபாய் எங்கே என்று நானும் ஒரு வீர நாரிச் சகோதரியும் மூன்று வாரம் தேடினோம். எல்லாம் அந்தப் புதுக் கணக்கில்தான் இருந்தது. ஒரு பதிவும் போடாத அதன் பாஸ்புக் அந்தச் சகோதரியின் பீரோவில், புடவைக்கு அடியில் கிடந்தது.